ஐ7-க்குப் பின்னால் இருக்கும் நான்கு எண்கள்

கேள்வி: நாங்கள் தூத்துக்குடியில் வசிக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்குக் கிடங்கில் வேலை. மகன் பிளஸ் 1 படிக்கிறான். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறான். வேலரண்ட், ஜிடிஏ 5 இரண்டையும் விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை. ஹாலில் இருக்கும் 43 அங்குல டிவியில் பழைய படங்களும் பாட்டும் பார்க்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. சீட்டுப் பணம் 50,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. ஒரு கடையில் 'ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கலர் விளக்கு கேபினெட், 500 வாட் எஸ்எம்பிஎஸ், மொத்தம் 32,000 ரூபாய்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். மகன் துள்ளிக் குதிக்கிறான். எனக்கு ஏனோ தயக்கமாக இருக்கிறது. வாங்கலாமா?

– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. அந்தக் கம்ப்யூட்டரை வாங்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'ஐ7' என்று இருக்கிறது. தாளின் அடியில், பேனா மை மங்கிய இடத்தில், '3770, எச்61, ஜிடி 730' என்று சிறியதாக எழுதியிருக்கிறார்கள். விஷயம் முழுவதும் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரு வகுப்புக்குள் யார் முதல், யார் இரண்டாவது என்று சொல்வது போன்றது. எந்த ஆண்டின் வகுப்பு என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. 2012-ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அது நல்ல பிராசசர்தான். நானே எத்தனையோ பேருக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அதில் நான்கு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் நான்கு பகுதிகள். 2022-இல் வந்த ஐ3-12100 என்ற பிராசசரிலும் அதே நான்கு கோர்தான். ஆனால் அந்த 'சின்ன' ஐ3 எந்த வேலையிலும் இந்தப் பழைய ஐ7-ஐப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும்.

வேகம் குறைவு என்பதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும்தான் முறைப்படி ஏற்றவை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. தாளில் இருக்கும் எச்61 மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் செருகும் பலகை) அது கிடையாது. சில கடைகளில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐப் பதிந்து தருகிறார்கள். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் விண்டோஸ் 11-இல் வேலரண்ட் திறக்க டிபிஎம் 2.0-உம், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டும் கட்டாயம். இல்லையென்றால் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். உங்கள் மகன் எந்த விளையாட்டுக்காக இரண்டு வருடம் காத்திருந்தானோ அதுவே திறக்காது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசை துடைத்து, பொட்டு வைத்து, முதல் நாள் மாலையிலேயே ஒரு பையனின் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

அடுத்தது அந்த '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு'. உங்கள் கணவரிடம் கேளுங்கள், ஒரே வார்த்தையில் புரிந்துகொள்வார். கிடங்கு எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன, லாரி நுழையும் வாசல் குறுகலாக இருந்தால் சரக்கு வெளியே வராது. 4 ஜிபி என்பது கிடங்கின் அளவு. ஜிடி 730 என்பது 2014-ஆம் ஆண்டின் மிக எளிய கார்டு. அதன் வாசல் மிகவும் குறுகல், உள்ளே வேலை செய்யும் ஆட்களும் குறைவு. இன்றைக்குப் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் சேர்ந்து வருகிறதே, அதுவே இந்தக் கார்டை விட வேகமானது. கார்டுக்கென்று தனியாகப் பணம் கொடுத்து, ஓசியில் கிடைப்பதை விட மெதுவான ஒன்றை வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

சரி, எதை வாங்குவது?

உங்கள் வீட்டுத் தேவையையும் தொகையையும் வைத்துப் பார்த்தால் என் மனம் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பக்கம்தான் போகிறது. 2021-இல் வந்தது. ஆறு கோர், ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலை வரிசைகள் (திரெட்). கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. சீல் பிரிக்காத பெட்டியில் வாங்கினால் குளிர்விக்கும் பேனும் கூடவே வரும். வேலரண்ட் இதில் முழு எச்டியில் தடையில்லாமல் ஓடும். ஜிடிஏ 5-ஐப் படத்தரத்தைச் சற்றுக் குறைத்து வைத்து நன்றாக விளையாடலாம். விளம்பரங்களில் பார்க்கும் புத்தம்புதிய பெரிய விளையாட்டுகளுக்கு இது போதாது. அதையும் இப்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள். அதற்கான வழியைப் பிறகு சொல்கிறேன்.

'எட்டாயிரம் வரிசையில் 8600ஜி என்று புதிதாக இருக்கிறதே' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். உண்மைதான். 2024-இல் வந்தது, கிராபிக்ஸ் இன்னும் வலுவானது. ஆனால் அதற்கு ஏஎம்5 என்ற புதிய வகைப் போர்டும் டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமும் வேண்டும். 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பிவிட்டதால், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ரேமுக்குத் தட்டுப்பாடு. 50,000 ரூபாய்க்குள் அந்த வழியில் போனால் வேறு எதிலாவது கை வைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும், எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் கை வைப்பார்கள். அது எனக்குச் சம்மதமில்லை.

ரேமைப் பற்றி ஒரு சங்கதி. 16 ஜிபி வேண்டும், அதுவும் ஒரே குச்சியாக அல்ல, 8 ஜிபி குச்சிகள் இரண்டாக. 5600ஜி-யின் கிராபிக்ஸுக்குத் தனிக் கிடங்கு இல்லை. ரேமைத்தான் அது பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரு குச்சி போட்டால் ஒரு வாசல், இரண்டு குச்சி போட்டால் இரண்டு வாசல். கணக்காகச் சொன்னால், டிடிஆர்4 3200 வேகத்தில் ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும். இரண்டு குச்சி 51.2 ஜிபி கொடுக்கும். அதே பணம், அதே 16 ஜிபி. ஆனால் விளையாட்டில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது. 'பின்னால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், இப்போது ஒன்று போதும்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

போர்டு பி550 அல்லது ஏ520 போதும். பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ துளை இருக்க வேண்டும் என்பதை மட்டும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இயங்குதளத்துக்கும் விளையாட்டுகளுக்கும், ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் வேண்டும். ஜிடிஏ 5 மட்டுமே நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால் 500 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். கணவரின் படங்களும் பாட்டுகளும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் போதும். வீட்டில் பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதையே பொருத்திக்கொள்ளலாம்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பணத்துக்குச் சிரமப்பட்ட ஒரு வாடிக்கையாளருக்கு, கேபினெட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே பொருத்திக் கொடுத்தேன். மேலே '500 வாட்' என்று ஒட்டியிருந்தது. எட்டு மாதம் ஓடியது. ஒரு மழை நாளில் மின்சாரம் போய்ப் போய் வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. அவர் கொண்டுவந்த பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன். கெபாசிட்டர்களின் தலை உப்பி, அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் போல வழிந்திருந்தது. மின்னோட்டத்தை வடிகட்டும் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் சுருளே இல்லை. இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். போர்டு போயிருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் போயிருந்தது. அதில் அவருடைய தாயாரின் கடைசிப் புகைப்படங்கள் இருந்தன. போர்டுக்குப் பதில் போர்டு கொடுத்தேன். புகைப்படங்களுக்கு என்ன கொடுப்பது? அன்றிலிருந்து கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் எவருக்கும் பொருத்தியதில்லை, அவர்களே கேட்டாலும்.

அதனால் தனிப் பெட்டியில் வரும், 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற, தெரிந்த நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். நான்காயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். கையில் தூக்கிப் பாருங்கள்; நல்லது கனமாக இருக்கும், மலிவானது தகர டப்பாவைப் போல லேசாக இருக்கும். எத்தனை வருட வாரண்டி என்று கேளுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் வேண்டாம். இன்றைக்கு உங்களுக்கு 550 வாட் தேவையில்லைதான். 5600ஜி கம்ப்யூட்டர் விளையாடும்போது கூட நூறு வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். ஆனால் ஒன்றிரண்டு வருடம் கழித்து மகன் பெரிய விளையாட்டுகளுக்கு ஆசைப்பட்டால், பெட்டியைத் திறந்து ஒரு கார்டைச் செருகினால் வேலை முடிந்துவிடும். ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டு 132 வாட் எடுக்கும். இந்த எஸ்எம்பிஎஸ் அதைத் தாராளமாகத் தாங்கும். கார்டை இப்போது வாங்காமல் தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுதான் காரணம்: அடித்தளம் சரியாக இருந்தால் மாடியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

கார்டு வாங்கும் நேரம் வரும்போது, பழைய கார்டுகளில் கவனமாக இருங்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற மெய்நிகர் நாணயத்தை, கிராபிக்ஸ் கார்டுகளால் கணக்குப் போட்டு ஈட்டும் ('தோண்டும்') முறை நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. தூசி தட்டி, புதிய பெட்டியில் வைத்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580-ஐ 'புதியது' என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

டிவி விஷயத்துக்கு வருகிறேன். மானிட்டரை இப்போதே வாங்க வேண்டிய அவசியமில்லை. முதல் சில மாதங்களுக்கு டிவியையே திரையாக வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும். படமும் ஒலியும் அதிலேயே போய்விடும். சில டிவிகளில் இணைத்தவுடன் திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே இருக்கும் பட்டை பாதிதான் தெரியும். கம்ப்யூட்டரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். டிவியின் மெனுவில் படத்தின் அளவை மாற்றும் இடம் இருக்கும். திரைக்குள் முழுப் படமும் அடங்கும்படி அங்கே மாற்றினால் எழுத்துகளும் தெளிவாகிவிடும். மகன் விளையாடும்போது டிவியில் 'கேம் மோட்' என்பதைப் போட வேண்டும். போடாவிட்டால் மவுஸை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் திரையில் துப்பாக்கி வெடிக்கும். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று அவன் குறை சொல்வான். தொகையில் மிச்சம் இருந்தால் அல்லது தீபாவளி போனஸ் வரும்போது 22 அல்லது 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். படிப்புக்கு அதுதான் நல்லது. டிவிக்கு அருகில் உட்கார்ந்து மணிக்கணக்கில் படித்தால் கழுத்தும் கண்ணும் வலிக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் டிவி ஸ்மார்ட் டிவியா? ஆம் என்றால் யூடியூபும் கிரிக்கெட்டும் பார்க்கக் கணவருக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கும் பழைய படங்களுக்கு மட்டும் கம்ப்யூட்டர் இருந்தால் போதும். டிவிக்காக என்று கம்ப்யூட்டரில் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

50,000 முழுவதையும் செலவழிக்க மனமில்லை, பாதிதான் முடியும் என்றால், அலுவலகங்களிலிருந்து வரும் புதுப்பித்த கம்ப்யூட்டர் ஒரு வழி. ஐ5-8500 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். அது எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். படிப்புக்கும் படம் பார்க்கவும் உழைக்கும். ஆனால் ஒல்லியான பெட்டியாக இருந்தால் அரை உயரக் கார்டுதான் உள்ளே நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த நிறுவனத்தின் அளவிலேயே இருக்கும், கடையில் வேறொன்று வாங்கி மாற்ற முடியாது. விளையாட்டுதான் முக்கியம் என்கிற பையனுக்கு நான் இதை முதலில் சொல்ல மாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன், கடையிலேயே கம்ப்யூட்டரை ஓடவிடச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பக்கத்துக்குப் போங்கள். பிராசசரின் முழுப் பெயரும் அங்கே இருக்கும். பில்லில் உள்ளதோடு எண்ணுக்கு எண் ஒத்துப் பாருங்கள். மெமரியைத் தொட்டால் வேகம் 3200 என்று காட்ட வேண்டும், இரண்டு குச்சி இருப்பதும் தெரியும். 2400 அல்லது 2666 என்று காட்டினால் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்பதை இயக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை. அவர்களையே செய்யச் சொல்லுங்கள். மகனை இதைப் பார்க்கச் சொல்லலாம். பதினாறு வயதுப் பையனுக்கு இது ஒரு விஷயமே இல்லை, பெருமையாகவும் இருக்கும்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். 'பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்பார்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பில்லும் அதில் வரிசை எண்ணும் இல்லையென்றால் அந்த வாரண்டி வெறும் வாய்ப்பேச்சு.

விண்டோஸ் உரிமம் விலைக்கு வாங்குங்கள். திருட்டுப் பிரதி போட்டுத் தரும் நிரல்கள், பணம் கொடுக்காமல் இறக்கும் விளையாட்டுகள் இவற்றோடு கூட என்னென்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதே கம்ப்யூட்டரில் நாளைக்கு நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். லினக்ஸ் இலவசம்தான், எனக்கும் பிடிக்கும், நிறைய விளையாட்டுகள் அதில் ஓடவும் செய்கின்றன. ஆனால் வேலரண்ட் ஓடாது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. மூன்று முள் பிளக், எர்த் இணைப்புள்ள சாக்கெட். கேபினெட்டின் இரும்பைத் தொடும்போது விரலில் சுருக்கென்று லேசாக இழுத்தால் எர்த் இல்லை என்று பொருள். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும், மின்சாரம் போனால் விளையாட்டை முடித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ் அதில் ரீங்காரம் இடும், சில சமயம் அணைந்தும் போகும்.

உங்கள் ஊருக்கென்று ஒன்று. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே கேபினெட்டை வைக்காதீர்கள். தரையிலும் வைக்க வேண்டாம், ஒரு சாண் உயரத்தில் பலகை மேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, ஊதும் கருவியால் தூசியை வெளியேற்ற வேண்டும். ஊதும்போது பேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

மின்கட்டணம் பற்றியும் யோசித்திருப்பீர்கள். நூறு வாட், தினமும் நான்கு மணி நேரம், அறுபது நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். டிவியின் கணக்கு தனி. பிறகு பெரிய கார்டு போட்டால் இது இரண்டு மடங்காகும்.

புதிய விலைத் தாள் கைக்கு வந்ததும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் முன்பு போலவே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு எண்ணும் தெளிவாகத் தெரியும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு மறுநாளே பதில் எழுதுகிறேன்.